போன ஏலத்தின் விலை

மஞ்சள் மண்டியில் விலை கேட்க
வாயைத் திறக்க வேண்டியதில்லை.
விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்து
சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு
டீ குடிக்கப் போகலாம்.
இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் பிழைத்தேன்.

ஈரோட்டில், பூங்காவுக்குப் பின்னால்
ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடியில் நடந்தது வேறு.
ஞாயிற்றுக்கிழமை. அறுபது நாற்காலி.
மேசையில் பாலிதீன் உறைக்குள்
சித்திரக்கதைகளின் மூலப் பக்கங்கள்.
அச்சானவை அல்ல, கை வரைந்தவை.

ஒரு மணி நேரத்தில் நிலவரம் பிடிபட்டது.
அட்டைப்படமென்றால் ஐம்பதுக்கு மேல்.
நாயகன் முகம் தெரிந்தால் இருபது,
முதுகு மட்டும் என்றால் ஒன்பது.
குதிரை இருந்தால் கூட்டிக் கேட்கிறார்கள்.
வெறும் மழையும் பஸ் நிலையமும் வந்த பக்கத்தை
ஆயிரத்துக்கும் கேட்க ஆளில்லை.
வரைந்தவன் ராத்திரி கண் முழித்தது
அந்தப் பக்கத்துக்காகத்தான் இருக்கும்.

எனக்கு வேண்டியது முப்பத்தேழாம் பக்கம்.
சாம்பல் சிறுத்தை ரயில் பாலத்திலிருந்து
ஒற்றைக் கையில் தொங்குகிற கடைசிக் கட்டம்.
ஏழாவதில் எனக்குக் கிடைத்த புத்தகம்
இதோடு கிழிந்திருந்தது.
நீலப் பென்சில் கோடு, வெள்ளை பூசித் திருத்திய காது,
பேச்சுக் குமிழில் ஒட்டிய துண்டுத்தாள்
பசை காய்ந்து எங்கோ உதிர்ந்துவிட்டது.
வாய் திறந்திருக்கிறது. குமிழ் காலி.

சட்டைப் பையில் சீட்டு:
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
மண்டிப் பழக்கம்.

பொள்ளாச்சிப் பல் டாக்டர் கோகிலவாணி
பதினேழில் பேனாவை மூடினார்.
பின்வரிசையில் ஒருத்தன் மட்டும் விடவில்லை.
நான் கை தூக்கிய மறுநொடி தூக்கினான்.
பக்கத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை,
விற்கிற அர்த்தநாரியையே பார்த்திருந்தான்.
அர்த்தநாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால்
ஆயிரம் ஏறியது.
மச்சினன் என்று பிறகுதான் சொன்னார்கள்.
ஈர மஞ்சள் கைபட்டதும் தெரிவதுபோல
எனக்கு அப்போதே தெரியும்.

தெரிந்தும் தூக்கினேன்.
இருபத்தாறு. முப்பத்திரண்டு. காது சுட்டது.
'விட்றாதீங்' என்றது முன்னால் ஒரு பிடரி.
நாற்பது நான்.
நாற்பத்தொன்று அவன்.
கரண்ட் போனது.
மின்விசிறி நின்று வேர்த்ததில்
கை தானாக மடிக்கு வந்துவிட்டது.
சுத்தியல் விழுந்தது.

அர்த்தநாரியின் பக்கம் அர்த்தநாரி வீட்டுக்கே போனது.
கறவை வற்றிய மாட்டைத்
திருப்பி ஓட்டிப் போகிறவன் போல
மச்சினன் படியிறங்கினான்.
அன்றைக்கு இரண்டு பரோட்டா கூடச் சாப்பிட்டேன்.

அடுத்த மாசியில் வழவழத் தாளில் பட்டியல் வந்தது.
முப்பத்தேழாம் பக்கம். கீழே பொடி எழுத்தில்:
'முந்தைய ஏலத்தில் எட்டிய விலை ரூ. 41,000.'
யாரும் யாருக்கும் கொடுக்காத நாற்பத்தொன்று.
அதை நம்பி கோகிலவாணி முப்பத்தைந்தில் ஆரம்பித்தார்.
கோயமுத்தூரிலிருந்து வந்த
பம்புசெட் கம்பெனிப் பையன்கள் இருவர்
'வருஷத்துக்குப் பத்து சதம் ஏறும்' என்று
செல்போனில் தட்டிப் பார்த்தார்கள்.
மச்சினன் வரவில்லை.
அவன் வேலை இப்போது அந்தப் பொடி எழுத்துக்கு.

நாற்பத்தாறுக்கு நான் எடுத்தேன்.

வீட்டில் சுலோசனா உறையைப் பிரித்தாள்.
'இவன் என்னங் சொல்றான்?'
'உதிர்ந்துபோச்சு.'
'விலை?'
பதில் வராததால்
என் தோள்துண்டை எடுத்துக் கைமேல் போட்டாள்.
அவள் அப்பா கருங்கல்பாளையம் சந்தையில்
மாட்டுத் தரகர்.
நான்கு விரல் பிடிக்கக் கொடுத்தேன்.
அப்புறம் மூன்றை, இரண்டு தரம்.
துண்டுக்கடியில் நூறுக்கும் ஆயிரத்துக்கும்
விரல் ஒன்றுதான்.

'நாலாயிரத்து அறுநூறாங்?' என்றாள்,
பயந்துபோய்.

நான் கையை எடுக்கவில்லை.