இரண்டு தட்டு

பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரிப்பதென்றால்
ராசாம்பாள் அக்கா முதலில்
சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள்.
அடுப்பை அணைத்துவிட்டு
மிதுலனை இழுத்துக்கொண்டு
பீலிக்கு மேலேயுள்ள பாறைக்கு ஓடுவேன்.
லயத்துக் கூரையை விட்டு மணம் போகும்வரை
அங்கேயே ஏழாம் வாய்ப்பாடு.
மழை வந்தால் என் படங்குக்குள் இரண்டு பேர்.

அவனுக்கும் வயது ஏழு.
மழை நோர்வூட்டில் இருக்கும்போதே
இங்கே கொடித் துணியை எடுக்கச் சொல்வான்.
ஸ்டோரில் இலை கூடுதலாகப் புளித்த நாளில்
"இன்னைக்கு டீமேக்கர் ஐயாவுக்கு ஏச்சு விழும்" என்பான்.
விழும்.
எனக்குக் காய்ச்சல் வரப்போவதை
என் உடம்புக்கு முன்னால் அறிந்து
போர்வையோடு வந்து நிற்பான், ஒரு முழம் தள்ளி.

பள்ளியில் இது எதுவும் கணக்கில்லை.
புதிதாய்ப் பெயின்ட் அடித்த வகுப்பில்
மேசைக்கடியில் போய்க் குந்தியிருக்கிறான்.
"செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றார் சேர்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் டோர்ச் அடித்துப் பார்த்து
"மூக்கு நல்லாத்தானே இருக்கு" என்றார்கள்.
அதுதான் ஐயா,
நல்லா இருப்பதுதான் பாடு.

மருந்தடித்த மலையில் கொழுந்தெடுத்த நாள்
உடுப்பு மாற்றாமல் வீட்டுக்குள் ஏற மாட்டேன்.
தலைக்கு எண்ணெய் இல்லை. பூ இல்லை.
தீபாவளிக்கு ஊதுபத்தி கொளுத்தாமல் கும்பிட்டோம்.
சாமி ஒன்றும் சொல்லவில்லை,
நாத்தனார்தான் சொன்னாள்.

அவன் அப்பாவுக்குக் கொழும்பில் வேலை,
புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடை.
மாதம் ஒரு சனிக்கிழமை
கடைசி பஸ்ஸில் வருவார்.
சந்தியில் பஸ் திரும்புமுன்னே
இவன் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவான்.
மடிப்புக் கலையாத துணியின் கஞ்சி மணம்,
அதுதான் அவனுக்கு அப்பா.
அந்தச் சட்டைக்குள் முகத்தை வைத்தபடியே
சாப்பிடாமல் தூங்கிப்போவான்.

ஆவணியில் வந்தபோது
பின்னால் நடந்தான்.
ஓரடி. இன்னும் ஓரடி.
சுவரில் முதுகு முட்டும்வரை.
புதுச் சட்டை, ஈரத் தலை,
எலுமிச்சை தேய்த்துச் சிவந்த கைகள்.
நான் கிட்டே போய் மோந்து பார்த்தேன்.
சவர்க்காரம், வேறொன்றுமில்லை.
"அப்பாக்கிட்ட மீன்" என்றான்.
"நெறைய மீன்."

அவர் சிரிக்கப் பார்த்தார்.
பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தார்.
வார் இடுக்கில் ஒரு செதிள்
பல்ப் வெளிச்சத்தில் மினுங்கியது.

ஆடி பிறந்ததுமே கடையில் ஆள் குறைத்தார்களாம்.
பேலியகொடைக்கு ராத்திரி ஒரு மணிக்கு லொறி வருமாம்.
பெட்டி இறக்கினால் கூலி மோசமில்லையாம்.
"மூணு தரம் குளிச்சேன்" என்றார்,
என்னிடமல்ல, அவனிடம்.
அன்றிரவு இஸ்தோப்பில் சாக்கு விரித்துப் படுத்தார்.
கதவு திறந்தே இருந்தது.
இவன் உள்ளே, அவர் வெளியே,
இருவரும் தூங்கவில்லை என்பது
எனக்குத் தெரியும்.

பஸ் போனபின் கேட்டான்:
"அம்மா, கருவாடு என்ன விலை?"

நூறு கிராம் கட்டா வாங்கினேன்.
முதல் நாள் வாந்தி.
இரண்டாம் நாள் வாசற்படியில் இருந்து
கண்ணில் தண்ணீர் ஓட ஓடப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மூன்றாம் நாள் சட்டிக்குப் பக்கத்தில் வந்து
"இது காஞ்ச மணம், அப்பா பச்சை" என்றான்,
ஏதோ நான் ஏமாற்றிவிட்டதைப் போல.

நாலாம் நாள்
எண்ணெய் காயுமுன்
எழுந்துபோய்ச் சுவரில் தட்டினான்,
இரண்டு தட்டு.
"என்னடா?" என்றாள் அந்தப் பக்கம் ராசாம்பாள் அக்கா.
"ஒண்ணுமில்ல,
நாங்க பொரிக்கப் போறோம்."