ஐயத்துக்கான நிரல்

பேராதனையில் மூன்றாம் நாளாக மழை.
ஆய்வுகூட மேசையில்
தெற்குக் கடலடியிலிருந்து வந்த சேற்றுத் தண்டு
ஈரத்துணிக்குள் படுத்திருக்கிறது,
என் முழங்கை நீளம்.

கீழே வெள்ளை. மேலே சாம்பல்.
நடுவில் ஒரு விரற்கடை கறுப்பு.
அவ்வளவுதான்.

வெள்ளை முழுக்க ஊசிமுனை ஓடுகள்,
மிதந்து வாழ்ந்து உதிர்ந்தவை,
ஒன்றின் மேல் ஒன்றாய்.
சாம்பலில் இரண்டு நாள் தேடினேன்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு குள்ளமாய் ஒரே ஒரு இனம்,
ஆளில்லாத வீட்டில்
கேட்காமல் குடிவந்ததுபோல.

கறுப்பைக் கழுவி, அரித்து, உலர்த்தி
நுணுக்குக்காட்டியில் உருண்டைகளை எண்ணுவது
என் வேலை.
விண்கல் அறைந்த வேகத்தில்
பாறை உருகி வானேறி
துளித்துளியாய்த் திரும்பி விழுந்தது.
காற்றில் உருகி விழும் எதுவும்
உருண்டைதான் என்பார் கலாநிதி மஞ்சுள.

முப்பத்தொன்பது.
நாற்பது.
நாற்பத்தோராவது மட்டும் அநியாயப் பளபளப்பு.
ஆறரைக் கோடி வருடம் சேற்றில் கிடந்ததற்கு
இத்தனை மினுக்கு ஆகாது.
காந்தத்தை நீட்டினேன்.
துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
போன செவ்வாய் பகல் முழுக்க
கேற்றுக்கு வெல்டிங் வைத்தவர் சவரிமுத்து.
பொறி பறந்ததை
நானும்தான் நின்று வேடிக்கை பார்த்தேன்.
ஒரு கேற்றும் ஓர் உலகத்தின் முடிவும்
ஒரே கண்ணாடித் தட்டில்,
ஒரே பருமனில்.

சிரிப்பு வந்தது. பிறகு பயம்.
முதலிலிருந்து எண்ணினேன்.

எண்ணிக்கை: நாற்பது. ஐயம்: ஒன்று.
அதை வீச மனமில்லை.
தனிக் குப்பியில் இட்டு
திகதியும் கிழமையும் எழுதி ஒட்டினேன்.
மற்ற நாற்பதும் விழுந்தது
என்ன கிழமையோ.

கலஹா பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது.
கரை சரிந்திருக்கிறதாம்.
மண்வெட்டிக்காரர்களின் டோர்ச் வெளிச்சத்தில்
வெட்டுண்ட மலை தெரிந்தது:
வரிவரியாய், செம்மணிக்கல் புள்ளிகளோடு.
இதுவும் ஒரு காலம் கடற்சேறு,
அந்தக் கறுப்பை விட எவ்வளவோ பழையது.
ஆழத்துக்குப் போய் வெந்து மடிந்து
வேறு கல்லாகி ஏறி வந்திருக்கிறது.
அந்தக் கடலிலும் ஏதும் விழுந்திருக்கலாம்.
இனி இதனிடம் கேட்டு
ஒன்றும் வரப்போவதில்லை.

இறங்கி நடந்தோம்.
வாசல் படியில் செருப்பைக் கவிழ்த்தேன்.
அடியில் ஒரு விரற்கடைச் சேறு.
ஈர்க்கை எடுத்தவள்
வழிக்கும் முன்
லைட்டைப் போட்டேன்.