தொண்ணூற்றொன்பது

சராசரி பன்னிரண்டு புள்ளி எட்டு என்று வந்தபோது
முதலில் சந்தோஷப்பட்டேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை விடுதிகளில்
அறுபத்து மூன்று பேர்.
கேள்வி பதினேழு:
போன மாதம் எத்தனை நாள்
மிகைநேரம் செய்தும் காசு வரவில்லை?
பன்னிரண்டு என்றால்
ஆய்வுக்குத் தலைப்பே கிடைத்துவிட்டது.

சியூ லிங்தான் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"உன் காலண்டரில் மாதத்துக்குத்
தொண்ணூற்றொன்பது நாளா?"

பதில் சொல்ல மறுத்தால் 99 என்று குறி.
விதியை எழுதியவள் நான்.
கணினிக்கு அது தெரியாது;
ஏழு பேர் வாய்மூடியதை
எழுநூறுக்கு ஏழு குறைவாகக் கூட்டி
எல்லார் தலையிலும் பங்கு வைத்துவிட்டது.

நீக்கினேன். ஐம்பத்தாறு பேர். சராசரி இரண்டு.
இடைநிலை அளவு மட்டும்
முன்பும் இரண்டு, இப்போதும் இரண்டு.
நடுவில் உட்கார்ந்தவனுக்கு
ஓரத்தில் என்ன நடந்தால் என்ன.

"ஏழுதானே, விடு. பசிக்கிறது" என்றாள்.
சுங்கை டுவா நாசி கண்டார் கடையில்
வரிசை நகரும்வரை
விரல் மடக்கிக்கொண்டிருந்தேன்:
எந்த ஏழு?

திரும்பி வந்து தேதிவாரியாக அடுக்கினேன்.
ஏழும் ஒரே மாலை.
மார்ச் பதினாறு, மழை, சி பிளாக் கேன்டீன்.
அன்று பேசியதே ஒன்பது பேரிடம்.
மற்ற நாள்களின் ஐம்பத்து நால்வரில்
ஒருவர்கூட மறுக்கவில்லை.

இது தற்செயலாய் இருக்க
ஒன்றரைக் கோடியில் ஒரு வாய்ப்பு.
இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.
மூன்றாம் முறை போடாமல்
களக்குறிப்பேட்டைத் திறந்தேன்.

என் கையெழுத்து:
மேற்பார்வையாளர் குணாளன் மிகவும் ஒத்துழைத்தார்.
மேசை போட்டுத் தந்தார்.
கடைசிவரை கூடவே இருந்தார்.
கீழே மைலோவின் வட்டக் கறை.
அவர் வாங்கித் தந்தது.

முப்பத்தோராம் எண் ஞாபகம் வந்தாள்.
பதினாறாம் கேள்வி வரை மடமடவென்று பேசியவள்
"அடுத்தது கேளுங்க அக்கா" என்றாள்,
என் தோளைத் தாண்டிப் பார்த்து.
நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு ஒன்பது.
அடுத்தது கேட்டேன்.

சராசரி இரண்டு என்பதில்
கணக்குப் பிழை எதுவும் இல்லை.

படிவத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன்:
பேசும்போது அருகில் இருந்தவர் யார்.
மார்ச் பதினாறின் ஒன்பது வரிகளையும்
நானே நிரப்பினேன்.
ஒன்று, மேற்பார்வையாளர்.
இரண்டு, நான்.