ஒன்பது திருகாணிகள்

கல்முனைக் கடையில்
மெல்லியதைத்தான் முதலில் காட்டினார் றிஸ்மி நானா.
வெள்ளி நிறம், ஒரு கையில் தூக்கலாம்.
நான் அதைக் கவிழ்த்தேன்.

"என்ன தங்கச்சி,
முகத்தைப் பார்க்காம முதுகைப் பார்க்கிறீங்க?"

முதுகில் ஓர் ஆணியும் இல்லை.
ஒட்டி மூடியிருந்தார்கள்.
ரெம் பலகையோடு பற்றவைத்தது;
எட்டு என்றால் சாகும்வரை எட்டு.

அடித்தட்டில், சார்ஜர் வயர்களுக்குக் கீழே
அது கிடந்தது.
கறுப்பு. செங்கல் கனம்.
விசைகளில் ஜப்பான் எழுத்து,
மூலையில் யாரோ கிழித்த ஸ்டிக்கரின் பசை.
ஒன்பது திருகாணி, எண்ணினேன்.
"திறந்து காட்டுங்க நானா."

உள்ளே ரெம் செருக இரண்டு பள்ளம்.
ஒன்றில் எட்டு.
மற்றதில் தூசி.

அந்தத் தூசிக்காகத்தான் வாங்கினேன்.
நாற்பத்தெட்டாயிரம் கேட்டு நாற்பத்தொன்றுக்கு இறங்கினார்.
விண்டோஸ் வேண்டாம் என்றதற்கும் கழிவு கேட்டேன்,
சிரித்தார், தரவில்லை.

இரவு சாய்ந்தமருதில் மழை.
பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏறுகிறது,
கறுப்பில் வெள்ளை வரிகள் ஓட ஓட.
வைஃபை மட்டும் பிடிவாதம்.
போனை வயரில் கட்டி இணையம் இழுத்தேன்.
கரண்ட் போனது;
பழைய பேட்டரி முப்பத்தாறு நிமிடம் என்றது.

போதும்.
மருந்துக்கடைக்குப் பில் போடும் நிரல்,
ஐந்நூறு வரிகூட இல்லை.

பெப்ரவரியில் எனக்குச் சீட்டு விழும்.
"அந்தக் காசில என்னகா வாங்கப் போறாய்?"
இருட்டில் உம்மாவின் குரல்.

"விரல் நீளத்தில ஒரு பச்சைத் தகடு."

"தங்கமா?"

"ஓரத்தில மட்டும், உம்மா."