பதினாறு

சந்திக் கடைத் தவநேசன்
நேற்றுப் பின்னேரம் சைக்கிளை மறிச்சுச் சொன்னான்:
"அண்ணை, அக்கா ஒன்பது நாளாய் வரேல்லை.
மருந்து அப்பிடியே கிடக்கு."

எங்களிட்டைப் பிறிஜ் இல்லை.
மனுசியின்ரை இன்சுலின் அவன்ரை கடையிலை,
ஐஸ்பழத்துக்கும் சோடாவுக்கும் நடுவிலை,
ஒரு ஜாம் போத்தலுக்குள்ளை.
மூடியிலை ஒட்டின கடதாசியிலை
யோகமலர், குடத்தனை
எண்டு அவளே எழினது.
வடிவான எழுத்து. ஒன்பதோடை மறிச்சுப் போட்டினம்.

விடியமுன்னம் வெங்காயம் பிடுங்கப் போறவன் நான்.
பொழுதுபடத் திரும்பி வந்து
"ஊசி போட்டியே?" எண்டு கேப்பன்.
"ஓம்" எண்டுவாள்.
நாரி முறிய வாறவனுக்கு
அந்த ஓம் காணும்.

போன கிளினிக்குக்கு நானும் கூடப் போனனான்.
மந்திகையிலை வாங்கு நிறையச் சனம்,
வெறுவயித்தோடை, மடியிலை கொப்பியோடை.
எங்கடை கொப்பியிலை எல்லாம் இருக்கு:
இருநூற்றுப் பன்னிரண்டு, பிறஷர், நிறை,
கண் பாத்த திகதி.
"சாப்பாட்டிலை கவனமில்லை" எண்டு
டொக்டர் பிள்ளை சிவப்பு மையாலை கோடு இழுத்தா.
என்ன சாப்பாடு?
கோதம்பைமாப் புட்டும் சம்பலும்.
குரக்கன் மா கிலோ என்ன விலையெண்டு
அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?
இவள் தலையை ஆட்டினாள்.

பஸ்ஸிலை யன்னல் பக்கம் இருந்தாள்.
வல்லிபுரக் கோயில் முடக்கிலை
எந்த நாளும் கையெடுக்கிறவள்
எடுக்கேல்லை.
கண்டனான்.
நித்திரைத் தூக்கமாக்கும் எண்டு விட்டிட்டன்.

சீனி, சலரோகம், நீரிழிவு
எண்டு அந்த வருத்தத்துக்கு ஊரிலை மூண்டு பேர்.
மற்றதுக்கு ஒண்டும் இல்லை.
"அலுப்பாக் கிடக்கு" எண்டுவாள், அவ்வளவுதான்.
மச்சாள் "யோசியாதை" எண்டா.
பக்கத்து வளவிலை "பஞ்சி" எண்டினம்.
நான் என்ன சொன்னனான்?
உலையிலை அரிசி போட மறந்த அண்டைக்கு
நான் சொன்னதை இதிலை எழுதேலாது.

முந்தி உள்ளங்கையிலை சீனி வைச்சு
நக்கி நக்கித்தான் தேத்தண்ணி குடிப்பாள்.
இப்ப வெறுந்தேத்தண்ணி.
எண்டாலும் குடிக்கேக்கை
இடக்கை தன்பாட்டிலை விரியுது.

நேற்று ஈரத்துணியிலை போத்தலைச் சுத்திக்கொண்டு வந்தன்.
கிணத்தடியிலை இருட்டுக்குள்ளை இருந்தாள்.
டோர்ச் அடிச்சால்,
குதிக்காலிலை சிப்பியோடு ஒண்டு.
அரைவாசி உள்ளை. ரத்தம் காஞ்சு போச்சு.
எத்தினை நாளோ.

"மலர், நோகேல்லையோ?"

"எங்கை?" எண்டாள்.

எங்கை எண்டு நான் என்னத்தைச் சொல்ல.
சிப்பியை இழுத்தன். உப்புத்தண்ணியாலை கழுவினன்.
விடியப் போறது தோட்டத்துக்கில்லை, மந்திகைக்கு.
காலைக் காட்டவேணும்.
மற்றதையும் சொல்லவேணும்,
எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை.
ஒரு நாள் கூலி போகும், போகட்டும்.

பேந்து ஊசியை எடுத்தன்.
எனக்குப் பழக்கமில்லை. கை நடுங்கிச்சுது.
கோட்டை எண்ணி எண்ணி இழுத்து
வெளிச்சத்திலை பிடிச்சுக் கேட்டன்:
"பதினெட்டுத்தானே?"

கனநேரம் ஒண்டும் பேசேல்லை.
கிணத்துக்குள்ளை தவளை ஒண்டு பாஞ்ச சத்தம்.

"பதினாறு" எண்டாள்.

ரண்டு கோட்டைக் குறைச்சன்.