பஞ்சி

கதிரையிலை இருக்கிறன்.
எழும்பவேணும்.
குளிக்கிறதெண்டால் துவாய் எடுக்கவேணும்,
துவாய் முத்தத்துக் கொடியிலை,
கொடிக்குப் போகச் செருப்பு வேணும்,
ஒரு செருப்பு கட்டிலுக்குக் கீழை,
குனிஞ்சால்
போன மாசம் தேடின குடை அங்கை கிடக்கும்,
குடையைக் கண்டால்
கம்பி திருத்தக் குடுக்கவேணும் எண்ட ஞாபகம் வரும்,
கடைக்காரன் சனிக்கிழமையிலை
நாலு மணிக்குப் பூட்டிப்போடுவான்.

இப்ப நாலரை.
நான் இன்னும் கதிரையிலை.

பஞ்சி பிடிச்சவள் எண்டு
அம்மா சொன்னா, சின்ன மாமி சொன்னா.
கணக்கு ரீச்சர் றிப்போட்டிலை சிவப்பு மையாலை எழுதினா:
கெட்டிக்காரி, ஆனால் பஞ்சி.
அந்த ஆனாலுக்குள்ளைதான்
இருபது வருசமாய்க் குடியிருக்கிறன்.
வாடகை இன்னும் கட்டி முடியேல்லை.

பஞ்சு மாதிரி ஒரு சொல்லு.
ஊதினால் பறந்துபோம் எண்டு நினைக்கினம்.
எனக்குள்ளை கிடக்கிறது
மழையிலை நனைஞ்ச சீமெந்துப் பை.
கடதாசியை உரிச்சாலும்
பையின்ர வடிவத்திலையே இறுகிப்போய்க் கிடக்கும்.

கிழமை நாளிலை
கூட்டுறவுச் சங்கத்திலை நான்தான் கணக்கு.
பதினேழு கிளையின்ர மண்ணெண்ணெய், மா, சீனி
சதம் பிசகாது.
ஒருக்கால் கோண்டாவில் கிளையிலை
முப்பத்தேழு ரூபா இடிச்சுது.
பசி தெரியாமல், மூத்திரம் தெரியாமல்
வோச்சர் வந்து லைற்றை நூக்கும்வரை தேடினன்.
கண்டுபிடிச்சன்.

வீட்டிலை
லைற் பில் மூண்டு மாசம்.
உறை உடைக்கேல்லை. சிவப்பு நோட்டீஸ் எண்டு
உடைக்காமலே தெரியும்.
காசில்லாதவை கட்டேல்லை எண்டால் ஊருக்கு விளங்கும்.
காசை வைச்சுக்கொண்டு கட்டாமல் விட்டவள்
ஆருக்கு என்னத்தைச் சொல்ல?

முப்பத்தாறு வயதிலை
ஒரு டொக்டர் இதுக்கொரு பேர் சொன்னார்.
நீளமான பேர்.
அழுவன் எண்டு நினைச்சு ரிஸ்யூ பெட்டியை நீட்டினார்.
சிரிச்சுப்போட்டு வந்திட்டன்.
பிறகு பஸ்ஸுக்குள்ளை அழுத அழுகையிலை
கொக்குவில் சந்தியும் தவறிப்போச்சு.
அடுத்த கிளினிக் திகதி எழுதின துண்டு
கைப்பைக்குள்ளை எங்கையோ இருக்கு.

இப்ப சில தந்திரம் வைச்சிருக்கிறன்.
திறப்பு கழுத்திலை.
ஒரு கோப்பை, ஒரு தேத்தண்ணிக் கப்,
மிச்சமெல்லாம் சாக்கிலை கட்டி அலுமாரிக்கு மேலை.
காலமை பாண் ஓட்டோ பாட்டோடை
ஒழுங்கைக்குள்ளை திரும்பினால் குளிசை.
பாண்காரனுக்குத் தெரியாது
தான் என்ர மணிக்கூடு எண்டு.
அவனுக்குக் காய்ச்சல் வந்த கிழமை
எனக்கு நாளே விடியேல்லை.

போன் அடிக்குது.
குருநகரிலையிருந்து டொரின்.
"கதைக்கத் தேவையில்லை. ஸ்பீக்கரிலை போட்டுட்டு வை.
நான் மீன் வெட்டப்போறன்.
நீ கடிதத்தை உடை."

சறக் சறக் எண்டு செதில்.
விளைமீனாய் இருக்கும்.
உறை கிழிஞ்ச சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்,
ஒண்டும் சொல்லேல்லை.
பூனையைக் கலைச்சாள்.
பைப்பைத் திறந்தாள்.
நான் கணக்கு நம்பரை அடிச்சு, பிழைச்சு,
கடவுச்சொல் மறந்து,
திரும்ப அடிச்சு

நாலு நிமிசம்.
மூண்டு மாசம் கிடந்தது
நாலு நிமிச வேலை.
இதுக்குச் சந்தோசப்படுறதோ வெக்கப்படுறதோ எண்டு
யோசிக்க வெளிக்கிட்டால்
அது இன்னொரு கதிரை.

"கட்டியிட்டன்."

"ம். நான் ரெண்டாவது மீனை எடுத்திட்டன்.
உன்ர ரெண்டாவது என்ன?"

துவாய்.

மற்றச் செருப்பைத் தேடேல்லை.
ஒத்தைச் செருப்போடை முத்தத்திலை இறங்கினன்.
மணல் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது,
ஒரு காலுக்கு மட்டும்.