நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

பாண்டி ஞாயிறு சந்தையில்
சாவியில்லாப் பூட்டுகளுக்கும் ஸ்பூன் குவியலுக்கும் நடுவே
ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன இரண்டு வால்வுகள்.
கண்ணாடிமேல் எழுத்து பாதி அழிந்திருந்தது.
"பழைய பல்பு சார், எரியாது, அழகுக்கு வச்சிக்கலாம்."
பல்பு விலைக்கே வாங்கினேன்.
வாய் திறக்கவில்லை.

சட்டைப்பையில், கைக்குட்டைக்குள்.
கன்னியக்கோயில் வேகத்தடையில் பஸ் எகிறியபோது
நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.
பக்கத்து சீட்டுக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டில் நீட்டினார்.
குடித்துவைத்தேன்.

ஆம்ப்போடு வந்த ஜோடியில்
வயலின் எப்போதும் கம்பளிக்கு அடியிலிருந்தே வாசிக்கும்.
குற்றம் வால்வில்தான் என்று தீர்ப்பெழுதி
ஆறு மாதமாகிறது.

ஒன்பது கால்கள் ஒவ்வொன்றுக்கும்.
முதுநகர் உப்புக்காற்று
எப்போதோ சாக்கெட்டைத் தின்னத் தொடங்கியிருக்கிறது.
ரப்பரால் ஒவ்வொரு காலாய்த் தேய்த்தேன்.
பால்பல்லை ஆட்டி ஆட்டி எடுப்பதுபோல் பழையதை உருவி
புதியதை அமர்த்தினேன்
(புதியதாம். என்னைவிட மூத்தது).

சுவிட்ச்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
அடியில், பீடி நுனி அளவுக்கு ஒரு சிவப்பு.
பென்சிலால் தட்டினேன்,
காதுக்குள் ணிங் என்றது.

சாருகேசி.
தம்பூராவின் நான்கு கம்பியும் நான்காய்ப் பிரிந்து நின்றன.
மிருதங்கத்தின் இடந்தலையில்
அப்பிய ரவையின் ஈரம்வரை வந்துவிட்டது.
கீழே எல்லாம் வந்துவிட்டது.
மேலே
அதே கம்பளி.

இன்னொரு ஜோடி தேடலாமா என்று கணக்குப் போடும்போதுதான்
பீரோவுக்குள் மடித்துவைத்த தாள் ஞாபகம் வந்தது,
போன மாதம் கம்பெனி மெடிக்கலில் கொடுத்தது.
சிப்காட், கம்ப்ரசர் அறை, பதினெட்டு வருஷம்.
கோடு நன்றாகத்தான் நடந்து வருகிறது,
நாலாயிரம் ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுகிறது.
இரண்டு காதிலும்.
ஓரத்தில் 'வேலைக்குத் தகுதி' என்று சீல்.

அந்தக் கிணற்றுக்கு
எந்த நாட்டிலும் வால்வு செய்யவில்லை.

அமலோற்பவம் சங்கரா கழுவிக்கொண்டிருந்தவள்
எட்டிப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி
அவள் தலையில் மாட்டினேன்.
கச்சேரி என்றாலே கொட்டாவி விடுகிறவள்
ஈரக்கையைக் காற்றில் தூக்கியபடி நின்றாள்.
"யாரோ தாள் புரட்டுறாங்க."
எங்கே?
"இப்ப. அவர் வில்லை எடுத்தாரில்ல, அந்த எடத்துல.
இதோ, வளையல். முன்வரிசையில யாரோ."

ஆறு வருஷமாய்க் கேட்கிற பதிவு.
அந்த அறையில் இத்தனை பேர் இருந்தது தெரியாது.
கம்பெனி தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்:
ஏழு பன்னிரண்டு, தாள்.
ஏழு நாற்பது, வளையல்.

"நல்லாத்தான் இருக்கு. புளி கொதிக்குது, புடிங்க இத."

ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்புமுன் மறுபடி மாட்டினேன்.
ஏழு பன்னிரண்டில் மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தேன்.
தாள் புரளவில்லை.
ஏழு நாற்பதில் என் கை தானாக
மணிக்கட்டைத் தொட்டது.

வால்வு ஆறும்வரை பையைத் துழாவினேன்.
ஆரஞ்சு நிறக் காதடைப்பான், மூன்று ஜோடி,
கவர் பிரிக்காமல் அடியில் கிடந்தது.
ஒன்றைப் பிரித்து மேல்பையில் வைத்தேன்.

வாசலில் நின்று கேட்டேன்:
அது தங்க வளையலா?
"சேச்சே," என்றாள் உள்ளேயிருந்து,
"கண்ணாடி. ஒரு டஜனாவது இருக்கும்."